மேட்டில் கயிறு கட்டிய வீடு

மல்வேர்ன், ஸ்காபரோ
ஏப்ரல் 6, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று உறுதி சொல்லித் தொடங்குகிறேன். அழகுக்காகக் கூட்டவும் மாட்டேன், நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று குறைக்கவும் மாட்டேன்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் "ஓம்" என்கிறீர்கள், பிறகு "ம்" என்கிறீர்கள், பிறகு "அம்மா சுகமோ" என்கிறீர்கள். அம்மா பக்கத்தில் நின்றால் நானும் "ம்" என்றுதான் சொல்கிறேன். கடிதத்தில் யாரும் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்பமுடியாது. ஒட்டிய முத்திரைக்காவது நாலு வரி எழுதத்தான் வேண்டும்.

எப்போதாவது யாரோ இவற்றைக் கண்டெடுத்தால் அவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக எங்களைப் பற்றி ஒரு பந்தி எழுதுகிறேன். நீங்கள் இதைத் தாண்டிப் போகலாம். நான் ஸ்டெபனி, எட்டாம் வகுப்பு. அம்மா கிளடிஸ், முதியோர் இல்லத்தில் வேலை. நீங்கள் இக்னேசியஸ். மூன்று பேரும் ஓடைக்கரையில் வரிசையாகக் கட்டிய ரவுன்ஹவுசில் ஒன்றாக இருந்தோம். போன வருடம் ஆடி மழைக்கு ஓடை பெருகி, நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ற் முழுக்கத் தண்ணீர் நின்றது. இந்த வீடு வேண்டாம் என்றீர்கள் நீங்கள். வேலை, கோயில், பஸ் எல்லாம் இங்கேதான், இதை விட்டு வரமாட்டேன் என்றார் அம்மா. இப்போது நீங்கள் பிக்கரிங்கில் ஒரு அறையில் இருந்து வெயர்ஹவுஸ் வேலைக்குப் போகிறீர்கள். அதற்கும் வடக்கே உங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. அதை அம்மாவைக் கேட்காமல் வாங்கினீர்கள். அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை.

நேற்று அந்தக் காணியில் கண்டதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். நீங்கள் மேட்டில் குற்றி அடித்துக் கயிறு கட்டி எனக்கு வீடு காட்டினீர்கள். இது விறாந்தை, இது மாதா படம் வைக்கிற இடம், இது சமைக்கிற குசினி, இது பிள்ளையின் அறை. மிச்சம் இருந்ததைப் பெரிய அறை என்றீர்கள். யாருடைய அறை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டொலர் கடையில் வாங்கிய சூரிய விளக்குகளை மூலைக்கு ஒன்றாகக் குத்தினீர்கள். இருட்டத் தொடங்க அவை தாமாகவே எரிந்தன. அப்போது குற்றியும் கயிறும் மறைந்து, வீடு மட்டும் நின்றது.

பிறகு மழை தூறியது. நீங்கள் பலகைகளை மூடுவதற்கு ஓடினீர்கள். என் அறை மூலையில் கிடந்த பலகையை நான் தூக்க, கீழே ஒன்று அசைந்தது. நீங்கள் பல்லி என்றீர்கள். பல்லிக்குச் செதில் இருக்கும். இதற்கு ஈரத் தோல், கறுப்பு உடம்பு, மஞ்சள் புள்ளிகள். மேட்டு மரங்களின் அடியிலிருந்து இன்னும் வந்தன. கயிற்றுக்குக் கீழால் என் அறைக்குள் புகுந்து, குசினிக்குள்ளால் போய், கீழே மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் குட்டைக்கு இறங்கின. "எங்கட வீட்டுக்கு முதல் விருந்தாளியள்" என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ காலம்.

நூலகத்தில் தேடினேன். அதன் பெயர் சலமாண்டர். வருடம் முழுவதும் மேட்டு மண்ணுக்குள் ஒளிந்திருக்குமாம். வசந்தத்தின் முதல் மழைக்கு மட்டும் வெளியே வந்து, தண்ணீருக்கு நடந்து போய் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிவிடுமாம். மற்ற நாட்களில் நாங்கள் அவற்றின் தலைக்கு மேலே நடந்தாலும் தெரியாது.

அம்மா வேலையால் வர ஒன்பது மணியாகும். புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடப்போகிறேன்.

அன்பு மகள்,
ஸ்டெபனி

*

மரியே வாழ்க

பிக்கரிங்
ஏப்ரல் 21, 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா கடிதம் எழுதிக் கனகாலம். கடைசியாக எழுதியது உன் அம்மாவுக்கு, அவ மன்னாரில் இருந்தபோது. அதனால் பிழைகளைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பிவிடாதே.

வேலை பரவாயில்லை. இப்போது பின்னேர சிப்ட். அறைக்குத் திரும்பும்போது வீட்டுக்காரர் படுத்துவிடுவார்கள். சத்தமில்லாமல் கோப்பை கழுவப் பழகிவிட்டேன்.

வீடு காட்டியபோது ஒன்றைச் சொல்ல மறந்தேன். குசினியைப் பெரிதாக வைத்தது தெரியாமல் அல்ல. ஓடைக்கரை வீட்டில் அவண் அடுப்பைத் திறந்தால் பிறிஜ்ஜைத் திறக்கேலாது, பிறிஜ்ஜைத் திறந்தால் அவணைத் திறக்கேலாது என்று அம்மா பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. ஒரு நாள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் நிற்கட்டும். இதை அவவிடம் சொல்லாதே. கண்டால் தானாக விளங்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. புத்தகத்தில் குழம்பைக் கொட்டாதே, அது நூலகத்தின் புத்தகம்.

இப்படிக்கு,
அப்பா

*

மல்வேர்ன்
ஜூன் 15, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தந்தையர் தின வாழ்த்து. இன்று பூசையில் சுவாமி அப்பாமாரை எழும்பி நிற்கச் சொன்னார். அம்மா செபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன் வரிசையில் இருந்த ஆட்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தி என்னவென்றால், எங்கள் ஓடையைத் திருத்தப்போகிறார்கள்! வியாழக்கிழமை நகரசபையார் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். அம்மாவும் நானும் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் றஜிதா அன்ரியும் போனோம். ஓடையை அகலமாக்கி, வீதிக்குக் கீழே இருக்கும் சின்ன மதகை எடுத்துவிட்டுப் பெரிய மதகு போட்டு, கரையை உயர்த்துவார்களாம். அதன் பிறகு ஆடி மழை போல இன்னொன்று வந்தாலும் எங்கள் வரிசைக்குத் தண்ணீர் ஏறாது.

கேள்வி கேட்கலாம் என்றதும் அடுத்த வீட்டு அகஸ்ரின் அங்கிள் எழும்பினார். "போன முறை நான் என்ர பேஸ்மென்றில மீன் பிடிச்சனான்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பிடிச்சாப் பிறகு பாத்தா, அது என்ர தொட்டி மீன்!" கூட்டம் சிரித்து முடிய, "சிரிக்கிறியள். எப்ப வேலை துவங்குவியள், அதைச் சொல்லுங்கோ" என்றார்.

அங்கேதான் சிக்கல். ஓடையை வெட்டும்போது வீட்டுக்குப் பின்னாலுள்ள வில்லோ மரங்களும் ஈரநிலமும் போய்விடும். அங்கே வாழும் உயிர்களுக்கு ஈடாக, இந்த ஓடை போய்ச் சேரும் ஆற்றின் வழியில் வேறு ஏதாவது காணியை என்றைக்கும் கட்டடம் வராமல் காத்துக் கொடுத்தால்தான் வேலைக்கு அனுமதி கிடைக்கும். பெரும்பகுதிக்குக் காணி கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு துண்டு தேவை. கிடைக்காவிட்டால் வேலை குறைந்தது ஒரு வருடம் பிந்தும்.

மயூரி என்று ஒரு உயிரியலாளர் வந்திருந்தார். ஸ்காபரோவில் பிறந்தவர்தான். எப்படிப்பட்ட காணி வேண்டும் என்று கேட்டேன். மரமும் குட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற காணி என்றார். நான் கையை உயர்த்தி, எல்லாருக்கும் முன்னால், "என்ர அப்பாட்ட அப்பிடி ஒரு காணி இருக்கு, அங்க சலமாண்டர் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். மயூரி அக்கா பேனையை எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் கதவுத் திறப்பைத் தேடியபடி அம்மா, "கேக்காமல் வாங்கின காணி. கேக்காமல் குடுக்கவும் ஒரு ஆள் வந்திட்டுது" என்றார். எனக்கு அது சரியாக விளங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அன்பு மகள்,
ஸ்டெபனி

*

மரியே வாழ்க

பிக்கரிங்
ஜூலை 13, 2025

அன்பு மகளுக்கு,

மயூரி பிள்ளை வந்து காணியைப் பார்த்துவிட்டுப் போனா. நகரசபையிலிருந்து இன்னொருவரும் வந்தார். கோபமில்லை. நீ எனக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொன்னது பற்றி நேரில் கதைப்போம்.

அவர்கள் கேட்பதற்குப் பெயர் ஈஸ்மென்ற். நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். காணி என் பெயரிலேயே இருக்கும். போகலாம், வரலாம், இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் கட்டக்கூடாது, மரம் தறிக்கக்கூடாது, மண் போட்டு நிரப்பக்கூடாது, இரவில் வெளிச்சம் வைக்கக்கூடாது. கொஞ்சம் காசும் தருவார்கள். நான் விற்றாலும் செத்தாலும் அந்தச் சொல் காணியோடேயே போகும். வாங்குகிறவனையும் கட்டும், உன்னையும் கட்டும்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். எனக்குப் பிறகு அது உன் காணி. நான் ஒப்பம் வைத்தால் நீயும் அதில் வீடு கட்டமுடியாது, உன் பிள்ளையும் முடியாது. ஒரு தரம் யாரையும் கேட்காமல் ஒப்பம் வைத்து நான் பட்டது போதும்.

ஒரு வழி இருக்கிறது. கீழே குட்டையும் சேறும் இருக்கிற பக்கத்தை மட்டும் கொடுத்து, மேட்டை வெளியே விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேட்டில் ஒன்றும் இல்லையென்றால் அப்படிச் செய்யலாமாம். செப்டம்பரில் இன்னொரு தரம் வந்து பார்ப்பார்கள். குட்டை அவர்களுக்கு, மேடு எங்களுக்கு. எப்படி?

இப்படிக்கு,
அப்பா

*

மல்வேர்ன்
ஆகஸ்ட் 10, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டை அவர்களுக்கு, மேடு எங்களுக்கு! வாசித்தவுடன் கட்டிலில் ஏறி நின்று இன்னொரு தரம் வாசித்தேன். ஓடையும் திருந்தும், வீடும் வரும். இனி அந்த வீட்டை அம்மாவுக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் உள்ளதை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்னைக் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அவர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கேக்க கேட்டவரோ, இப்ப கேக்கிறதுக்கு?" என்றார்.

"இப்ப கேக்கிறார்தானே அம்மா."

"உன்னட்டக் கேக்கிறார். என்னட்டயும் கேக்கச் சொன்னவரோ?"

உங்கள் கடிதத்தை மனத்துக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். "இல்லை" என்றேன். அம்மா மடித்த துவாயை விரித்துத் திரும்பவும் மடித்தார்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஓடை கரைக்குச் சற்றுக் கீழே வரை வந்து நின்றுவிட்டது. றஜிதா அன்ரி மழை தொடங்கியவுடனேயே சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். எங்கள் குசினியில் கதிரை போட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. "எனக்கு உந்தச் சத்தம் கேட்டாலே கால் குளிருது அக்கா" என்றார். போன வருடம் அவர் விழித்தபோது தண்ணீர் கட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்தான் கதவை உடைத்து அவரை வெளியே எடுத்தீர்கள்.

இப்போது வீட்டில் மழை பெய்தால் மூன்று பேர். பெய்யாவிட்டால் பெரும்பாலும் நான் மட்டும்.

அன்பு மகள்,
ஸ்டெபனி

*

மல்வேர்ன்
செப்டம்பர் 21, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் என்னைக் கொண்டுவந்து இறக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால் நான் பேசியதை எழுதவேண்டியிருக்கிறது.

மயூரி அக்கா எங்களோடு மேட்டில் ஏறினார். மண்ணைக் கிண்டினார், சருகைப் புரட்டினார், பலகைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இப்போது சலமாண்டர்கள் ஆழத்தில் இருக்கும், வசந்தத்தில் பார்த்திருந்தால்தான் தெரியும் என்று அவரே சொன்னார். பிறகு உங்களைக் கேட்டார்.

"அங்கிள், உந்த மேட்டுப் பக்கம் எப்பவாவது கண்டனீங்களோ?"

"மேட்டில ஒண்டும் இல்லை" என்றீர்கள். "எல்லாம் கீழதான்."

அவர் எழுதிக்கொண்டார். நீங்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு காரடிக்கு இறங்கி நடந்தோம். அந்தத் தூரம் முழுக்க நான் யோசித்ததையும் எழுதுகிறேன். மேட்டில் ஒன்றும் இல்லை என்பது ஒரு சின்ன வசனம். அதைப் பிடித்துக்கொண்டால் குசினி வரும், பெரிய அறை வரும், அம்மா வருவார். சலமாண்டர்கள் மண்ணுக்குள் இருந்து வந்து யாரிடமும் முறைப்பாடு சொல்லப்போவதில்லை. வசந்தத்தில் வெளியே வர, மேலே வீடு இருக்கும்.

காரடியில் மயூரி அக்கா என்னிடம் கைகொடுத்து, "நீதானே முதல் சொன்ன ஆள்" என்றார். அப்போது சொல்லிவிட்டேன். ஏப்ரலில் மேட்டில் கண்டோம், என் அறை மூலைப் பலகைக்குக் கீழே, மரத்தடியிலிருந்து வந்தன என்று. இடத்தையும் போய்க் காட்டினேன். என் அறை என்று சொன்னபோது அவர் அந்தக் கயிற்றை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நீங்கள் என்னை ஏசவில்லை. மயூரி அக்காவிடம், "பிள்ளை சொல்லுறது சரி" என்று மட்டும் சொன்னீர்கள். ஏசியிருந்தால் நல்லது.

இப்போது மேட்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். மேடு இல்லாமல் குட்டையால் பயனில்லை. அவை வாழ்வது மேட்டில், குட்டைக்குப் போய் வருகின்றன, அவ்வளவுதான்.

பதில் போடுங்கள் அப்பா.

ஸ்டெபனி

*

மல்வேர்ன்
அக்டோபர் 5, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தபால்காரர் வேலைநிறுத்தம். அதனால்தான் பதில் வரவில்லை என்று அம்மா சொல்கிறார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். இந்தக் கடிதமும் வேலைநிறுத்தம் முடியும்வரை பெட்டிக்குள் கிடக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

போன் எடுத்தேன். நீங்கள் "ஓம்" என்றீர்கள். பிறகு "ம்" என்றீர்கள். இந்த முறை "அம்மா சுகமோ" என்று கேட்கவில்லை.

ஸ்டெபனி

*

மரியே வாழ்க

பிக்கரிங்
அக்டோபர் 19, 2025

அன்பு மகளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. தபால் மட்டும் காரணமில்லை. நானும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

பொய் சொன்னது நான். நீ ஏன் மன்னிப்புக் கேட்பதுபோல எழுதுகிறாய்? நான் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தேன். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

கொஞ்ச நாளாக வேலை முடிந்து காணிக்குப் போய்க் காருக்குள் இருந்தேன். விளக்குகள் எரியும். பார்த்துக்கொண்டு இருப்பேன். அந்த வீட்டில் நான் எல்லாரையும் ஒவ்வோர் இடத்தில் இருத்தி வைத்திருந்தேன். நீ உன் அறையில் வாசிக்கிறாய். அம்மா குசினியில். ஒருவரையும் கேட்காமல் இருத்தி வைத்திருந்தேன். அதை யோசித்தபோது வீடு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

றஜிதாவைத் தூக்கிக்கொண்டு படியேறிய நாள் எனக்கு மறக்கவில்லை. அவவின் பற்கள் அடித்த சத்தம் காதில் இருக்கிறது. என் மேட்டுக்காக அவ இன்னொரு ஆடி மழைக்குக் காத்திருக்கக்கூடாது.

இந்த முறை அம்மாவிடமும் கேள். இக்னேசியஸ் கேட்கச் சொன்னார் என்று சொல்லியே கேள். ஒப்பம் வைக்கவோ, வேண்டாமோ. வைத்தால் அந்த வீடு இல்லை. அதையும் சொல்.

இப்படிக்கு,
அப்பா

*

மல்வேர்ன்
அக்டோபர் 26, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டேன். நீங்கள் சொன்ன சொற்களையே சொன்னேன். அம்மா வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதோடு அப்படியே இருந்தார்.

"என்னட்டக் கேக்கச் சொன்னவரோ?"

"ஓம்."

"வைக்கச் சொல்லு" என்றார். "றஜிதா இன்னொரு மழைக்குத் தாங்கமாட்டாள்."

"வீடு வராது அம்மா."

"தெரியும் பிள்ளை."

"வந்திருந்தா நீங்கள் போயிருப்பீங்களோ?"

அம்மா மற்றச் சப்பாத்தையும் கழற்றி இரண்டையும் சேர்த்து வைத்தார். "இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

இதைக் குறைத்து எழுதலாமா என்று யோசித்தேன். முதல் கடிதத்தில் சொன்னதால் எழுதுகிறேன். என் பதிலும் ஓம்தான். வையுங்கள்.

அன்பு மகள்,
ஸ்டெபனி

*

மரியே வாழ்க

பிக்கரிங்
நவம்பர் 14, 2025

அன்பு மகளுக்கு,

சட்டத்தரணியிடம் போய் நேற்று ஒப்பம் வைத்தாயிற்று. வரும் வருடம் ஓடை வேலை தொடங்கும் என்று மயூரி பிள்ளை சொன்னா. அகஸ்ரின் அண்ணைக்குச் சொல், மீன்தொட்டியைத் திரும்பவும் பேஸ்மென்றில் வைக்கலாம்.

உன் கடிதத்தை வாசித்தேன். எழுதியது சரி. அம்மா சொன்னதும் சரி.

தூர மேற்கே, கல்கரியில் இருக்கும் சித்தப்பாவின் மகன் றொய்சன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுடைய கொம்பனியில் வேலை இருக்கிறதாம். இவ்வளவு நாளும் காணி இருக்கிறது, வரமாட்டேன் என்று சொன்னேன். இனி அப்படிச் சொல்லமுடியாது. செவ்வாய்க்கிழமை புறப்படுகிறேன். முகவரியைக் கடித உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். நத்தார் பெருநாளுக்கு வரப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்லவில்லை.

ஒரு வேலை மறந்துபோச்சு. மேட்டில் குற்றியும் கயிறும் விளக்கும் அப்படியே இருக்கின்றன. மாத முடிவுக்குள் எல்லாம் எடுத்துவிடவேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் வந்து காணி முழுக்கப் படம் எடுப்பார்கள். அன்று இருக்கிறபடிதான் காணி என்றைக்கும் இருக்கவேண்டும் என்பதற்கு அந்தப் படங்கள்தான் அத்தாட்சி. அம்மாவைக் கேள், ஒரு நாள் உன்னைக் கொண்டுபோய் விடுவாவோ என்று. விளக்குக்கு அடியில் சின்ன சுவிட்ச் இருக்கிறது. அணைத்துவிட்டுப் பிடுங்கு, இல்லாவிட்டால் பைக்குள்ளும் எரிந்துகொண்டிருக்கும்.

கையுறை போட்டுக்கொண்டு போ.

இப்படிக்கு,
அப்பா

*

மல்வேர்ன்
நவம்பர் 23, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இது கல்கரிக்குப் போகும் முதல் கடிதம். இந்த ஒரு கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை. வாசித்தால் போதும்.

மறந்துபோச்சு என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பலகைக்குக்கூட மழை படவிடாதவர். ஆனாலும் மறந்துபோச்சு என்றுதான் அம்மாவிடம் சொன்னேன், நீங்கள் எழுதியது அதுதானே. "ஓம், மறந்திருப்பார்" என்றார் அம்மா. நேற்றுப் பின்னேரம் வேலையால் வந்து உடுப்பும் மாற்றாமல் காரை எடுத்தார்.

பிக்கரிங் தாண்டியதும் வீதி விளக்குகள் இல்லை. "எந்தக் காட்டுக்குள்ள கொண்டுபோய்க் காணி வாங்கியிருக்கிறார் பார்" என்று இரண்டு தரம் சொன்னார். காணி வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமல், "நீ போய் எடுத்துக்கொண்டு வா. நான் இஞ்ச இருக்கிறன்" என்றார்.

கொஞ்சம் பனி கொட்டியிருந்தது. நான் முதலில் கயிறுகளை அவிழ்த்துச் சுற்றினேன். குற்றிகள் இறுகிப்போயிருந்தன. ஆட்டி ஆட்டித்தான் பிடுங்கினேன். கையுறை போட்டிருந்தேன். விளக்குகளைக் கடைசிக்கு விட்டேன். அப்போது இருட்டத் தொடங்கிவிட்டது. முதலில் விறாந்தை விளக்கு எரிந்தது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாக.

கார்க் கதவு திறந்த சத்தம் கேட்டது.

"ஸ்டெபனி! உது என்ன? ஆரும் நிக்கினமோ அங்க?"

"ஒருத்தரும் இல்லை அம்மா. வீடு."

அம்மா வேலைச் சப்பாத்தோடு பனிக்குள் ஏறி வந்தார். விளக்குகளுக்கு வெளியே நின்றார். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "வாசல் எது?" என்று கேட்டார். காட்டினேன். சுவர் இல்லாத வீட்டுக்கு எங்கேயாலும் உள்ளே வரலாம். அம்மா சுற்றிப்போய் வாசலால் வந்தார்.

"மாதா படம்?"

"அதில."

"குசினி?"

நான் கையை நீட்டினேன். அம்மா போய் நடுவில் நின்றார். நீங்கள் சொல்லாதே என்றதால் நான் எதையும் சொல்லவில்லை. இதை உங்களுக்கு உள்ளபடி எழுதுகிறேன் அப்பா. அம்மா ஒரு கையை ஒரு பக்கம் நீட்டினார், அவண் கதவைத் திறப்பதுபோல. மற்றக் கையை மற்றப் பக்கம் நீட்டினார். இரண்டு கையும் ஒன்றையும் முட்டவில்லை. அப்படியே நின்றார்.

"பெரிசாத்தான் வைச்சிருக்கிறார்" என்றார்.

பிறகு, "பின்னேர வெயில் நேர கண்ணுக்குள்ள அடிக்கும். உதைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன். முகம் அவ்வளவு தெரியவில்லை, அதனால் நிச்சயம் என்று எழுதமாட்டேன்.

நீங்கள் அங்கே நின்றிருக்கவேண்டும். நீங்கள் இருந்திருந்தால் அம்மா காரைவிட்டு இறங்கியிருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

பெரிய அறையைப் பற்றி அம்மா கேட்கவில்லை.

மாதம் முடிந்ததும் அவர்கள் வந்து படம் எடுப்பார்கள். மரம் இருக்கும், குட்டை இருக்கும், மேடு இருக்கும். மண்ணுக்குள் இருப்பவை படத்தில் தெரியாது, ஆனால் இருக்கும். எங்கள் வீடு எந்தப் படத்திலும் இருக்காது. அதனால்தான் அது எப்படி நின்றது என்பதை இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நான் என் அறையிலிருந்து தொடங்கினேன். அம்மா மற்றப் பக்கத்திலிருந்து வந்தார். குனிந்து, அடியில் சுவிட்சைத் தேடி, அணைத்து, பிடுங்கிப் பைக்குள் போட்டோம். குசினியின் மூலைகளை அம்மா கடைசிக்கு விட்டிருந்தார். பிறகு அவற்றையும் அவரே அணைத்தார்.

அன்பு மகள்,
ஸ்டெபனி